விடுவிக்கப்பட்டவனைக் கழகத்தில் மறுபடி சேர்ப்பதா, வேண்டாமா?

உவர்மலையான் | திங்கள், இரவு 9.10

திருகோணமலையில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். கழகத்தின் பெயர் வேண்டாம், பையனின் பெயரும் வேண்டாம். தெரிந்தவர்கள் இருந்தாலும் இங்கே எழுதிவிடாதீர்கள்.

எங்கள் அணியின் கோல் காப்பாளர் அவன். ஓர் இரவு வேலை முடிந்து வரும்போது வீதியில் மறித்துச் சோதித்திருக்கிறார்கள். சட்டைப்பையில் இருந்து சிறு பொதி ஒன்று எடுத்ததாகப் பொலிஸ் அறிக்கை. ‘ஐஸ்’ போதைப்பொருள் என்று சந்தேகம். விளக்கமறியலில் வைத்தார்கள். பிணைக்கு மேல் நீதிமன்றம் போக வேண்டும் என்று சொல்லப்பட்டது. அதற்குக் காசு புரட்டக் குடும்பத்தால் முடியவில்லை. அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வரவில்லை என்று தவணைக்கு மேல் தவணை. ஒரு வருடத்தை நெருங்கும் வேளையில் அறிக்கை வந்தது. பொதியில் தடைசெய்யப்பட்ட பொருள் எதுவும் இல்லை. நீதவான் அன்றே விடுவித்துவிட்டார்.

இப்போது அங்கத்துவத்தைப் புதுப்பிக்க விண்ணப்பம் தந்திருக்கிறான். குழு இரண்டாகப் பிளந்து நிற்கிறது. சனிக்கிழமைகளில் சிறு பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்ததும் அவன்தான். “அவன் திரும்பி வந்தால் பிள்ளையை அனுப்ப மாட்டோம்” என்று சில பெற்றோர் சொல்லியிருக்கிறார்கள். “குற்றம் செய்யவில்லை என்று யார் சொன்னது? நிரூபிக்க முடியவில்லை, அவ்வளவுதான்” என்று ஓர் அங்கத்தவர் கூட்டத்திலேயே எழுந்து பேசினார். நியாயம் எந்தப் பக்கம்?

மட்டிக்களி மாஸ்டர் | திங்கள், இரவு 9.32

நெருப்பில்லாமல் புகையாது. நூறு பேர் போய்வருகிற வீதியில் அவனை மட்டும் மறிப்பானேன்? அறிக்கையில் இல்லை என்றால் பொதி மாறியிருக்கலாம், காசு கைமாறியிருக்கலாம். இந்த நாட்டில் நடக்காததா?

என்னிடம் படித்த பிள்ளைகள் சிலரை இந்தத் தூள் தின்றுவிட்டது. ஒருவன் கணிதத்தில் வகுப்பிலேயே முதலாவது. இப்போது மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான். சந்தேகத்தின் பலனை நீதிமன்றம் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவனுக்கு, கொடுக்கட்டும், அது அதன் வேலை. கழகம் அந்தப் பலனைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும்.

கறுப்புக்கோட்டுப் பயிலுநர் | திங்கள், இரவு 10.05

மாஸ்டர், மதிப்போடு மறுக்கிறேன். அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை, குற்றவாளி என்று நிரூபிக்கப்படும்வரை எவரும் சுற்றவாளியாகவே, அதாவது குற்றமற்றவராகவே, ஊகிக்கப்பட வேண்டும் என்கிறது. நிரூபிக்கும் பொறுப்பு வழக்குத் தொடுநரின் தலையில். இந்த வழக்கில் நிரூபணம் தவறிப்போகவில்லை. நிரூபிக்க ஒரு பொருளே இருக்கவில்லை.

இன்னொரு விடயமும் இதில் இருக்கிறது. போதைப்பொருள் வழக்கில் எல்லாம் எடையில்தான் தொங்குகிறது. 2022 இன் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு 5 கிராம் ‘ஐஸ்’ வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை வரை போகலாம். ஹெரோயினுக்கு அந்த எல்லை 2 கிராம். வீதியில் பொலிஸார் நிறுப்பது பொதியில் உள்ள தூள் முழுவதையும். அதில் உண்மையான போதைப்பொருள் எவ்வளவு என்று சொல்வது பத்தரமுல்லையில் இருக்கும் பகுப்பாய்வுத் திணைக்களம். அந்தத் தாள் வரும்வரை சந்தேகநபர் உள்ளே. நாடு முழுவதற்கும் ஓர் ஆய்வுகூடம் என்றால் வரிசை நீளும்தானே?

இதில் கசப்பான வேடிக்கை 13(4) உறுப்புரை. விசாரணை முடியும்வரை ஒருவரைத் தடுத்து வைப்பது ‘தண்டனை ஆகாது’ என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஒரு வருடம் சிமெந்துத் தரையில் படுத்தெழும்பியவனிடம் போய் அதை யார் வாசித்துக் காட்டுவது?

அன்புவழிபுரம் அம்மா | திங்கள், இரவு 10.20

என் மகன் இதில் விழுந்து எழும்பியவன். மாஸ்டர் சொல்கிற வலி எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் யார் விற்கிறான் என்று சந்திக் கடைக்காரருக்குத் தெரியும், ஐஸ்பழ வண்டிக்காரருக்கும் தெரியும். அவன் ஒருநாளும் உள்ளே போனதில்லை. 2023 மார்கழியில் நாடெங்கும் பெரிய தேடுதல் தொடங்கித் தொலைக்காட்சியில் கமராவோடு வீடு வீடாகப் புகுந்தபோதும் அவன் வீட்டுக்குள் யாரும் போகவில்லை. அள்ளிக்கொண்டு போனது எல்லாம் வாங்கிக் குடிக்கிற பிள்ளைகளை. புகை ஒரு பக்கம், நெருப்பு இன்னொரு பக்கம் மாஸ்டர்.

டொரன்டோ திருமலையான் | செவ்வாய், அதிகாலை 3.48

ஆயிரம் குற்றவாளிகள் தப்பலாம், ஒரு நிரபராதி தண்டிக்கப்படக் கூடாது. இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? பையனைச் சேருங்கள்.

நெய்தல் | செவ்வாய், காலை 6.40

பேச இருக்கிறது, டொரன்டோ அண்ணா.

2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை, காந்தி சிலையடியில், கடற்கரையில் இருந்த ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கொண்டுவந்த கைக்குண்டு தாமாகவே வெடித்துச் செத்தார்கள் என்று முதலில் சொன்னார்கள். பிரேத அறையில் பத்திரிகையாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்தன. அதே மாதம் 24 ஆம் திகதி அவரையும் இந்த நகரத்து வீதியில் சுட்டுவிட்டார்கள். 2013 இல் விசேட அதிரடிப் படையினர் 12 பேரும் பொலிஸார் ஒருவருமாக 13 பேரைக் கைது செய்தார்கள். பிணையில் விட்டார்கள். 2019 ஜூலை 3 ஆம் திகதி, போதிய சான்று இல்லை என்று எங்கள் நீதவான் நீதிமன்றமே 13 பேரையும் விடுவித்தது.

இப்போது சொல்லுங்கள். கோல் காப்பாளர் விடுவிக்கப்பட்டவர், ஆகவே சுற்றவாளி என்றால், அந்த 13 பேரும் சுற்றவாளிகளா? உங்கள் ஆயிரத்தில் அவர்களையும் சேர்த்துத்தான் எண்ணுகிறீர்களா? நான் அந்தக் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி வளர்ந்தவள். எனக்கு ஒரு பதில் வேண்டும். சட்டப் பிரிவு இலக்கம் வேண்டாம்.

மட்டிக்களி மாஸ்டர் | செவ்வாய், காலை 7.15

தங்கச்சி நான் சொல்ல நினைத்ததைத்தான் சொல்லியிருக்கிறார். ‘நிரூபிக்கப்படவில்லை’ என்பதை ‘செய்யவில்லை’ என்று படிப்பவர்கள் 13 பேருக்கும் மாலை போடத் தயாராக வேண்டும். நான் தயாரில்லை. ஆகவே பையன் விடயத்திலும் தயாரில்லை. ஒரே கோல், ஒரே அளவு.

கறுப்புக்கோட்டுப் பயிலுநர் | செவ்வாய், காலை 8.02

நெய்தல் அக்கா, இலக்கம் வேண்டாம் என்றதால் பிரிவைச் சொல்லாமல் சொல்கிறேன். விசாரணை நடந்து முடிந்து விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மறுபடி நிறுத்த முடியாது. அந்த 13 பேருக்கு அப்படி ஒரு விசாரணையே நடக்கவில்லை. மேல் நீதிமன்றத்துக்கு அனுப்பப் போதிய சான்று உண்டா என்று நீதவான் பார்க்கும் கட்டத்திலேயே விடுவிக்கப்பட்டவர்கள் அவர்கள். புதிய சான்று வந்தால் சட்டமா அதிபர் மறுபடி தொடங்கலாம். கதவு சாத்தியிருக்கிறது, பூட்டவில்லை.

நெய்தல் | செவ்வாய், காலை 8.10

தள்ளிப் பார்க்க யாராவது வருவார்களா, தம்பி?

பழைய முதலியார் | செவ்வாய், இரவு 8.30

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு முதலியாராக இருந்து ஓய்வு பெற்றவன். சாட்சிக் கூட்டுக்கும் நீதிபதியின் மேசைக்கும் நடுவில் நின்றே காலம் போனது. எந்த வழக்கின் இரகசியமும் என்னிடம் இல்லை, ஊருக்குத் தெரிந்ததை வைத்தே எழுதுகிறேன். நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டர் ஒரே கோல் என்கிறார். கோல் ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அளக்க என்ன கொண்டுவந்தார்கள் என்று பார்க்க வேண்டும். பையனின் வழக்கில் அரசு தன்னுடைய பொதியைத் தன்னுடைய முத்திரையோடு தன்னுடைய ஆய்வுகூடத்துக்கு அனுப்பியது. அந்த ஆய்வுகூடமே ‘இல்லை’ என்றது. தேட வேண்டியதைத் தேடி, கிடைக்காமல் வந்த பதில் அது. கடற்கரை வழக்கில் தேடலே ஒழுங்காக நடக்கவில்லை. காயத்தைப் படம் பிடித்தவர் கொல்லப்பட்டார். கண்டவர்கள் மிரண்டு நாட்டை விட்டுப் போனார்கள். மகனை இழந்த தகப்பன் ஒருவர் வெளிநாட்டில் இருந்தபடி வருடக்கணக்காகப் பேசிக்கொண்டே இருந்தார். சாட்சிகளுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் இந்த நாட்டில் 2015 இல்தான் வந்தது. ஒன்பது வருடம் கழித்து. அரசே ஆளை அனுப்பிவிட்டு, அரசே சாட்சியையும் காக்காமல் விட்டால், நீதவானின் மேசைக்கு வந்து சேர்வது வெறும் வழக்குக் கோவை.

நெய்தல் மகளே, உனக்கு என் பதில் இது. அந்த நீதவான் கையில் இருந்ததை வைத்துக்கொண்டு வேறு கட்டளை எழுதியிருக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த 13 பேரைச் சுற்றவாளிகள் என்று அந்தக் கட்டளை எனக்குச் சொல்லவும் இல்லை. அவர்களைச் சிறையில் அடைக்க அரசுக்கு இன்று உரிமை இல்லை, அவ்வளவுதான் அதன் பொருள். கோபப்படு. கோபம் கட்டளை மேல் இருக்க வேண்டியதில்லை. புலனாய்வைச் சாகவிட்டவர்கள் மேல் இருக்கட்டும்.

நிரூபிக்கும் அளவைக் குறைத்தால் இப்படிப்பட்டவர்கள் மாட்டுவார்கள் என்று நம்மவர்களே பேசுவதைக் கேட்டிருக்கிறேன். இந்த நாட்டில் அந்த அளவைக் குறைத்துப் பார்த்தார்கள். யார் மாட்டினார்கள்? 1895 இன் சான்றுக் கட்டளைச் சட்டத்தின்படி பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராகப் பாவிக்க முடியாது. வெள்ளைக்காரன் கூடப் பொலிஸ் நிலையத்துக்குள் என்ன நடக்கும் என்று தெரிந்து போட்ட வேலி. 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்த வேலியைப் பிடுங்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமோ அதற்கு மேற்பட்டவரிடமோ கொடுத்தால் செல்லும். அடித்து வாங்கினார்கள் என்றால் அதை நிரூபிக்கும் பாரம் எதிரியின் தலையில். சிங்கராசா வழக்கைத் தேடிப் படியுங்கள். தமிழ் மட்டும் பேசியவர். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் அவருடைய பெருவிரல் அடையாளம். வேறு சான்று இல்லை. 50 வருடச் சிறை என்று தீர்த்தார்கள், மேன்முறையீட்டில் அது 35 ஆனது. அவருக்கு நீதியான விசாரணை கிடைக்கவில்லை என்று 2004 இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு சொன்னது. 2006 இல் நமது உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

அளவைக் குறைத்தபோது உள்ளே போனவர்கள் சீருடைக்காரர்கள் இல்லை, மாஸ்டர்.

டொரன்டோ திருமலையான் | புதன், அதிகாலை 2.15

முதலியார் ஐயா, வணங்குகிறேன். ஆனாலும் நெய்தல் கேட்டது சரியான கேள்வி. நான் கேட்டு வளர்ந்த வாசகத்தை எழுதினேன். அது தப்புகிறவன் யார் என்று சொல்வதில்லை.

பழைய முதலியார் | புதன், காலை 6.05

அந்த வாசகத்துக்கு ஒரு பின்கதை உண்டு தம்பி. பதினெட்டாம் நூற்றாண்டில் பிளாக்ஸ்டோன் என்ற ஆங்கிலேய நீதிபதி எழுதியது பத்துக் குற்றவாளிகள் என்று. நம்மவர்கள் அதை நூறாக்கி ஆயிரமாக்கிவிட்டோம். தப்புகிறவன் யாரென்று தெரியாதவரை தாராளம் காட்டுவது சுகம்தான்.

கொட்டியாரக்குடா | புதன், பிற்பகல் 1.40

மூதூரில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் இந்தப் பேச்சு வந்தால் எல்லோர் வாயிலும் ஒரே பெயர்: றிசானா நபீக்.

ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. 1988 இல் பிறந்தவளை 1982 இல் பிறந்தவளாகக் காட்டிக் கடவுச்சீட்டு எடுத்து முகவர்கள் 2005 இல் சவூதிக்கு அனுப்பினார்கள். வீட்டு வேலைக்குப் போனவளின் கையில் நான்கு மாதக் குழந்தையைக் கொடுத்தார்கள். புட்டிப்பால் கொடுக்கும்போது குழந்தைக்குப் புரையேறி மூச்சடைத்தது என்று அவள் சொன்னாள். கழுத்தை நெரித்தாள் என்று குற்றச்சாட்டு. ஆரம்ப விசாரணையில் அவள் பக்கத்தில் ஒரு சட்டத்தரணி இல்லை. அவள் பேசியதை அங்கே எடுத்துச் சொன்னவர் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் இல்லை என்று பிறகு தெரியவந்தது. அந்த வாக்குமூலத்தை அவள் மறுத்தாள். 2007 இல் மரண தண்டனை. 2013 ஜனவரி 9 இல் தலையை வெட்டினார்கள். உள்ளே போகும்போது பதினேழு வயது.

குழந்தை எப்படி இறந்தது என்று எனக்குத் தெரியாது, நான் அந்த அறையில் இருக்கவில்லை. தீர்ப்புச் சொன்னவர்களும் இருக்கவில்லை. அந்தக் குழந்தையின் தாய்க்கும் ஒரு வலி உண்டு, அதை நான் சிறிதாக்கவில்லை. சட்டத்தரணி இல்லாமல், பாஷை தெரியாமல், வயதைக் கூடச் சரியாக எழுதாமல் எடுத்த வாக்குமூலத்தில் ஓர் உயிர் போனது என்பதைத்தான் சொல்கிறேன். முதலியார் ஐயா நின்ற இடத்தில் அன்றைக்கு ஒரு சரியான ஆள் நின்றிருந்தால் என்று எங்கள் ஊரில் இன்றும் கதைப்பார்கள்.

மாஸ்டருக்கு ஒன்று. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு குருநாகல் வைத்தியர் ஷாபி ஷிஹாப்தீனுக்கு நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு பத்திரிகையின் முன்பக்கம் சொன்னது. நாடு முழுவதும் புகை. சி.ஐ.டி. தேடிப் பார்த்துச் சான்று இல்லை என்று நீதிமன்றத்துக்குச் சொன்னது. வேலைக்கு விடாமல் வைத்திருந்த காலத்துச் சம்பள நிலுவை, சுமார் 27 இலட்சம் ரூபாய், 2022 இல் கைக்கு வந்தபோது மருந்து வாங்குங்கள் என்று சுகாதார அமைச்சுக்கே திருப்பிக் கொடுத்தார். நெருப்பில்லாமல் அவ்வளவு புகையை மூட்ட மனிதனால் முடியும் மாஸ்டர். பத்திரிகை இருந்தால் போதும்.

மட்டிக்களி மாஸ்டர் | புதன், மாலை 5.55

நானா, றிசானாவுக்காக நானும் பாடசாலையில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தவன். அந்தக் கதையை எனக்கு எதிராக நிறுத்தாதீர்கள். நான் பையனின் தலையைக் கேட்கவில்லை, சிறையையும் கேட்கவில்லை. ஒரு கழகத்தின் பயிற்சிப் பொறுப்பைக் கொடுக்காதீர்கள் என்கிறேன். வங்கியில் காசாளராக எடுக்க ஆயிரம் விசாரிக்கிறார்கள். பிள்ளைகளை ஒப்படைக்க விசாரிக்கக் கூடாதா? நீதிமன்றத்துக்கு ‘நியாயமான சந்தேகத்துக்கு அப்பால்’ என்றால் எல்லா இடத்துக்கும் அதுவா? காணி வழக்கிலேயே அந்த அளவு கிடையாதே.

கறுப்புக்கோட்டுப் பயிலுநர் | புதன், இரவு 7.20

இதில் மாஸ்டர் சொல்வது சரி. குடியியல் வழக்கில் எது நடந்திருக்கக் கூடியது என்று தராசு சாய்கிற பக்கம் போதும். கழகம் குற்றவியல் நீதிமன்றம் இல்லை, தன் அளவைத் தானே வைக்கலாம். ஆனால் விசாரித்து முடிவெடுப்பது வேறு, விசாரிக்காமல் எடுப்பது வேறு. மறு பக்கத்தைக் கேட்காமல் ஒருவர் மேல் முடிவெடுக்கக் கூடாது என்பது இயற்கை நீதியின் பாலபாடம். உவர்மலை அண்ணா, குழு அவனைக் கூப்பிட்டுக் கேட்டதா?

உவர்மலையான் | புதன், இரவு 8.45

கூப்பிடுவோம் என்று நான் சொன்னேன். “கூப்பிட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும், பையன் மனம் நோகும்” என்று தலைவர் மறுத்துவிட்டார். மனம் நோகாமல் நீக்கிவிடலாம் என்று நினைத்தார் போலும்.

அன்புவழிபுரம் அம்மா | புதன், இரவு 9.00

அவனுடைய தாயை நான் கண்டிருக்கிறேன். சிறைச்சாலை வாசலில் பார்வையிடும் நாளில் காலையிலேயே வந்து நிற்பார். சோற்றுப் பார்சலைக் காவலர்கள் கம்பியால் குத்திக் கிளறிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். மீன் பொரியலைப் பிய்த்துப் பார்ப்பார்கள். கிளறிய சோற்றைத் திரும்ப மூடிக் கொடுக்கும்போது அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் வாழையிலையைச் சரிசெய்து மடித்துக் கட்டுவார். என் மகன் குற்றம் செய்தவன், நான் நின்றதில் ஒரு கணக்கு இருந்தது. அவர் எந்தக் கணக்கில் நின்றார் என்று மாஸ்டர் சொல்லட்டும்.

நெய்தல் | புதன், இரவு 9.50

முதலியார் ஐயாவின் பதிலை இரண்டு முறை படித்தேன். புலனாய்வுதான் செத்தது என்பதை ஏற்கிறேன். ஆனால் எல்லா வழக்கிலும் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.

1996 பெப்ரவரி 11, குமாரபுரம். இதே மாவட்டம், கிளிவெட்டிப் பக்கம். குழந்தைகள் உட்பட 24 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் சாட்சிகள் இருந்தார்கள். காயத்தோடு தப்பியவர்கள் இருந்தார்கள். வழக்கை இங்கிருந்து அநுராதபுரத்துக்கு மாற்றினார்கள். அந்த ஏழைச் சனம் அங்கே போய்ச் சிங்கள ஜூரிகள் முன்னால் நின்று சாட்சி சொன்னது. 20 வருடத்துக்குப் பிறகு, 2016 ஜூலையில், ஆறு இராணுவக் கோப்ரல்களையும் ஜூரி சபை விடுதலை செய்தது.

சரி, அங்கே நிரூபணம் போதவில்லை என்று வையுங்கள். நிரூபணம் போதுமானதாக இருந்த மிருசுவில் என்ன ஆனது? ஐந்து வயதுப் பிள்ளை உட்பட எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். இராணுவச் சார்ஜன்ட் ஒருவருக்கு 2015 இல் மரண தண்டனை, 2019 இல் அதை உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்களும் உறுதிப்படுத்தினார்கள். 2020 மார்ச்சில், நாடு கொரோனாவுக்குக் கதவடைத்துக் கிடந்தபோது, ஜனாதிபதி பொதுமன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டார்.

அப்படியானால் ஒரு பக்கம் நிரூபிக்கப்பட்ட பிறகும் வெளியே வருகிறான். இன்னொரு பக்கம் பொதியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை. மாஸ்டரின் ஒரே கோல் எங்கே இருக்கிறது?

பழைய முதலியார் | வியாழன், காலை 5.50

குமாரபுரம் பற்றி மகள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஜூரி விசாரணை எதிரி தெரிவு செய்யும் உரிமை. எந்த மொழி பேசும் ஜூரி என்பதும் அவருடைய தெரிவு. ஏழு பேர், ஐந்துக்கு இரண்டு என்றாலும் தீர்ப்புச் செல்லும். காரணம் எழுத வேண்டியதில்லை. நீதிபதி தனியே விசாரித்தால் ஏன் நம்பினேன், ஏன் நம்பவில்லை என்று எழுதியாக வேண்டும், மேன்முறையீட்டில் அதைப் பிடித்துக் கேட்கலாம். ஜூரியின் வாயில் இருந்து ஒரு சொல்தான் வரும். பாதிக்கப்பட்டவர்கள் அந்த ஒரு சொல்லோடு பஸ்ஸில் ஊருக்குத் திரும்ப வேண்டும். அதை நியாயம் என்று நான் வாதாட மாட்டேன்.

உவர்மலைத் தம்பிக்கு, குழுவில் யாரும் யோசிக்காத இன்னொன்று. உங்கள் அங்கத்தவர் பட்டியலில் எத்தனை பேர் சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகள் என்று பார்த்ததுண்டா? அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றிய உழவு இயந்திரத்தின் சாரதி. தடைசெய்த வலையோடு பிடிபட்ட மீனவர். கூண்டில் ஏறியதும் “குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்” என்பார்கள். செய்தார்களோ இல்லையோ, ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் உழைப்பை இழந்து வருவதைவிடத் தண்டப்பணம் மலிவு. மணலின் சொந்தக்காரர் வெளியே வாகனத்துக்குள் இருப்பார். தண்டப்பணத்தைக் கட்டுவதும் அவர்தான். சாரதியின் பெயரில் குற்றத்தீர்ப்பு ஏறிவிடும். அவர்கள் எல்லோரும் உங்கள் கழகத்தில் சந்தா கட்டிக்கொண்டு நல்ல பிள்ளைகளாக இருக்கிறார்கள். ஒப்புக்கொண்டவர்களுக்குக் கதவு திறந்திருக்கிறது. மறுத்து நின்று விடுவிக்கப்பட்டவனுக்கு அடைப்பு.

கொட்டியாரக்குடா | வியாழன், காலை 9.12

மணல் சொந்தக்காரர் பற்றிச் சொன்னீர்களே ஐயா! கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பரில் மிதவைப் பாதை (ஆட்களை அக்கரைக்கு ஏற்றும் மிதவை) கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் மூழ்கிப்போனதும் இதே கதைதான். பாதையை ஓட்டியவர்களைப் பிடித்தார்கள், பிறகு நகரசபைத் தவிசாளரையும் பிடித்தார்கள். பாலத்தை உடைத்துவிட்டு மாற்று வழி ஒழுங்காகச் செய்யாமல் சனத்தைத் தண்ணீரில் விட்ட பெரிய மேசைகளில் எத்தனை பேர் கூண்டில் ஏறினார்கள்? கைக்கெட்டியவன்தான் சந்தேகநபர். வேறு இழை தொடங்க வேண்டிய விடயம், விட்டுவிடுகிறேன்.

கறுப்புக்கோட்டுப் பயிலுநர் | வியாழன், மாலை 6.30

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், அண்ணா. பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்து விடுவித்த கட்டளையின் சான்றுப்படுத்திய பிரதியைப் பையன் எடுக்கட்டும். பகுப்பாய்வு அறிக்கையின் பிரதியும் வழக்குக் கோவையில் இருக்கும். காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்துக்குப் போகலாம், 1978 இல் இருந்து இதற்காகவே இருக்கிற அமைப்பு. பிணைக் கட்டத்திலேயே அங்கே போயிருக்கலாம், யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போல. நாளை வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கும்போதும் இந்தப் பிரதிகள் கையில் இருந்தால் நல்லது.

உவர்மலையான் | ஞாயிறு, இரவு 9.25

நேற்றுக் கூட்டம் நடந்தது. இந்த இழையைக் குழுவில் மூன்று பேர் படித்திருந்தார்கள். இந்த முறை பையனைக் கூப்பிட்டார்கள். தலைவர் சுற்றி வளைத்துப் பேசினார். பையன் நேரடியாகச் சொன்னான்: “என் பையில் இருந்தது தலைவலிக் குளிசை இடித்த தூள். அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன்.” எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கத்துவம் புதுப்பிக்கப்பட்டது. அணியில் விளையாடலாம். சிறுவர் பயிற்சி மட்டும் ‘இப்போதைக்கு இல்லை’ என்று தீர்மானம். பெற்றோருக்குக் காட்டப் பொலிஸிடம் இருந்து ஒரு கடிதம் வாங்கி வா என்றார் ஒருவர்.

பழைய முதலியார் | ஞாயிறு, இரவு 9.40

அப்படி ஒரு கடிதம் உலகத்தில் இல்லை. பிடித்தவனிடமே போய் “நான் நல்லவன்” என்று எழுதி வாங்கச் சொல்கிறார்களா? நீதவானின் கட்டளைக்கு மேல் ஒரு பொலிஸ் நிலையத்தின் முத்திரையைக் கேட்கும் குழுவுக்கு என் வாழ்த்துகள்.

மட்டிக்களி மாஸ்டர் | ஞாயிறு, இரவு 10.02

தீர்மானம் சரியானதுதான். விளையாடட்டும். ஒரு பருவம் போகட்டும், பார்ப்போம். குளிசையை ஏன் இடித்துப் பையில் வைத்தான் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

நெய்தல் | ஞாயிறு, இரவு 10.06

முழுதாக விழுங்க முடியாதவர்கள் இடித்துத்தான் குடிப்பார்கள், மாஸ்டர். என் அப்பாவும் அப்படித்தான்.

உவர்மலையான் | திங்கள், காலை 7.30

கட்டளையின் பிரதிக்கு இன்று விண்ணப்பிக்கிறான், நானும் கூடப் போகிறேன். பிரதி கைக்கு வந்ததும் சிறுவர் பயிற்சி விடயம் மறுபடி குழுவுக்கு வரும். வாக்கெடுப்பு என்றால் ஐந்துக்கு நான்காக முடியும். ஐந்து எந்தப் பக்கம் என்று இப்போது என்னால் சொல்ல முடியாது.